சன்னலோரத்துக் கேன்

கரண்ட் போய் வெகுநேரமாகியும் விளக்கேற்றாமல் பொன்னி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வைத்திலிங்கம் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். மழைக்கு முந்தின புழுக்கம், பக்கத்து வாய்க்காலின் சேற்று நாற்றம், தெருமுனைக் கடையில் ஓடும் ஜெனரேட்டரின் இரைச்சல், இத்தனைக்கும் நடுவே அரிசி சரசரவென்று நகரும் சத்தம். அவர் மனைவி கடலூரில் கண் ஆபரேஷன் முடிந்து வந்தவள். பகலிலேயே தடவித் தடவி நடப்பவள்.

"விளக்கு என்னாத்துக்கு? நல்லாத் தெரியுது. நீ கொணாந்த தண்ணி ராசியான தண்ணிதான்யா."

செருப்போடே உள்ளே வந்தார்.

சிதம்பரத்தில் அவர் குப்பி கழுவும் ஆய்வுக்கூடத்தில் அமீபா வளர்த்தார்கள். கண்ணைத் தின்னும் கிருமியாம். அதற்குள் பச்சையாய் ஒளிரவைக்கும் மரபணு ஒன்றைச் செருகி, அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்கிறார்களாம். ஆராய்ச்சி செய்யும் ஸ்ரீமதி சொல்லுவாள். படித்தவர்கள் சொல்வதில் பாதி பொய் என்பது அவர் எண்ணம். பொன்னியின் கண்ணைச் சுத்தமான தண்ணீரில் துடைக்கச் சொன்னார் கடலூர் டாக்டர். ஆய்வுக்கூடத்துச் சன்னலோரத்துக் கேனைத் தொடக்கூடாது என்றாள் ஸ்ரீமதி. நல்ல தண்ணீரைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தார். பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார்.

இன்றைக்குத்தான் கேனைக் காணோமென்று ஸ்ரீமதி அழுதாள்.

"பெரியவரே, அதுல இருக்குற அமீபா மருந்துக்கே சாவாது. நாங்க மாத்தி வச்சது. யாரு கண்ணுலயாவது பட்டா..."

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கால் ஓய நடந்து வந்திருந்தார்.

"பொன்னி, இப்பிடித் திரும்பு."

"வந்ததும் வராததுமா என்னா மெரட்டுற? பொண்ணு பாக்க வந்தியா?"

சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

கருமணிக்குள் பச்சை. வெளிச்சம் எதுவும் படாமலே. குளத்துப் பாசி மாதிரி. மெல்ல அசைந்தது.

"வலிக்குதா?"

"இல்லியே. உள்ளார யாரோ தடவிக்குடுக்குற மாதிரி இருக்குது."

"மூடு. கண்ண மூடு."

மூடினாள். இமைக்கு அடியிலும் பச்சை.

அவள் கன்னத்தைப் பிடித்தார். அவள் கண்ணிலிருந்து ஒரு துளி அவர் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக. கையைத் தொங்கவிட்டு உதறினார்.

விழவில்லை. வழியவும் இல்லை.

நின்றது. நடுங்கியது. கால் மாதிரி ஒன்றை நீட்டியது. இன்னொன்று.

பிறகு, முழங்கையை நோக்கி மேலே ஏறத் தொடங்கியது.