தூங்குற பூனை

பள்ளி விட்டதும் தோழிகள் நான்கு பேரும் வழக்கம்போலத் தோக்போக்கிக் கடைக்குள் நுழைந்தார்கள். காரக் குழம்பில் மிதக்கும் அரிசித் துண்டுகள் ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்தார்கள். மூன்று பேர் உடனே போனை எடுத்தார்கள். நாரே மட்டும் சாப்பிடும் குச்சியை எடுத்தாள்.

"சூவா, எனக்குக் கேரட் அனுப்புனியா?" என்று கேட்டாள் யெரின்.

"காலையிலயே அனுப்பிட்டேனே. நீதான் எனக்குத் தரல."

"இந்தா. வந்துருச்சா?"

சூவாவின் போன் 'டிங்' என்றது. கயோன் தன் போனையும் நீட்டி, "எனக்கு ரெண்டு அனுப்புடி, என் முயல் பட்டினி கெடக்கு" என்றாள்.

அந்த விளையாட்டின் பெயர் 'முயல் வயல்'. முயலுக்குக் கேரட் வேண்டும். ஆனால் கேரட்டை நாமே பறிக்க முடியாது; தோழிகள்தான் அனுப்ப வேண்டும். அந்த வசந்தத்தில் சூவோன் நகரத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கேரட் வியாபாரிகளாகவே மாறியிருந்தார்கள், நாரேவைத் தவிர.

நாரேவின் போனில் முயல் வயல் கிடையாது. வானிலை இருந்தது. அலாரம் இருந்தது. கணக்குப் போடலாம்.

"யெரின், ஒரே ஒரு தடவை குடேன். பாத்துட்டுத் தந்துடறேன்."

"உன் கையெல்லாம் குழம்பு. உன் போன்ல விளையாடேன்."

"அதுலதான் இல்லையே."

"பரவால்ல, நீ வானிலை பாத்துச் சொல்லு. நாளைக்கு மழையா?" என்றாள் யெரின். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள்.

நாரேவுக்கு வயிறு எரிந்தது. யெரினின் போனைப் பார்த்தால் பொறாமை. அதில் தொங்கிய பஞ்சுக் கரடியைப் பார்த்தால் பொறாமை. அன்றைக்கு அந்த முயலைப் பார்த்தே பொறாமைப்பட்டாள். அதற்குக்கூட மூன்று தோழிகள் இருந்தார்கள்.

அந்த எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"என் போன்லயும் ஒரு விளையாட்டு வருது. உங்க யாரு போன்லயும் அது கெடையாது."

"அப்படியா? எப்ப வருது?"

"சனிக்கிழமை."

"பேரு என்ன?"

நாரே திருதிருவென்று விழித்தாள். மூலை நாற்காலியில் கடைக்காரச் சித்தியின் பூனை சுருண்டு கிடந்தது.

"தூங்குற பூனை" என்றாள்.

"சரி, சனிக்கிழமை இங்கயே வரோம். கட்டாயம் காட்டணும்" என்றாள் யெரின்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாரே தன் நாக்கைத் திட்டிக்கொண்டே போனாள். சனிக்கிழமை கையை விரித்தால், வானிலை கேட்ட யெரின் அதற்குப் பிறகு என்னவெல்லாம் கேட்பாளோ.

இத்தனைக்கும் காரணம் அப்பாவின் 'போரா'. போனை உள்ளே இருந்து நடத்துகிற மூளைக்கு இயங்குதளம் என்று பெயர். ஊர் உலகமெல்லாம் வேறு இரண்டு இயங்குதளங்களுக்குப் பழகி முடித்த பிறகு, பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வந்த விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தது போரா. நாரேவின் போனில் ஓடுவது அதுதான்; அதைச் செய்தவர்களில் அப்பாவும் ஒருவர். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் போன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பொறாமை அந்த வீட்டில் நாரேவுக்கு மட்டும் சொந்தமில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது, "போன் எப்படிம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார். தினமும் கேட்பார். "சூப்பர்ப்பா" என்று நாரேவும் தினமும் சொல்வாள்.

அன்று சொல்ல முடியவில்லை. "நல்லாவே இல்லப்பா" என்று அழுதுவிட்டாள். முயல், கேரட், யெரின் கேட்ட வானிலை, தன் பொய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அப்பா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"அந்த முயல் கம்பெனிக்கு நானும் நடையா நடந்துட்டேம்மா. 'உங்க போனை எத்தனை பேரு வெச்சிருக்காங்க?'ன்னு கேக்குறாங்க. கொஞ்சப் பேருன்னு சொன்னா, 'நெறைய பேரு ஆனதும் வாங்க'ங்கறாங்க."

"வெளையாட்டே இல்லாம நெறைய பேரு எப்படி வாங்குவாங்க?" என்றாள் அம்மா.

"அதத்தான் நானும் கேட்டேன். காபி குடுத்து அனுப்பிட்டாங்க."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்பா நாரே பக்கம் திரும்பினார். "அது சரி, தூங்குற பூனைன்னா எப்படி வெளையாடறது?"

"தெரியாதுப்பா. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

நாரே மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். கேரட் அனுப்புகிற விளையாட்டெல்லாம் தனக்கு ஆகாது. யாருக்கு அனுப்புவது? கூட்டத்தில் இந்தப் போன் இருப்பது அவளிடம் மட்டும்தான். தன் போனை எடுத்து, கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"அப்பா, எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு போரா. அந்த ஒண்ணுலயே எல்லாரும் சேந்து வெளையாடினா என்ன? நடுவுல பூனை தூங்குது. மூலைக்கு ஒரு விரல் வெச்சுக்கணும். அது திடீர்னு முழிச்சு யாரையாவது மொறைக்கும். அவங்க டக்குனு விரலை எடுக்கணும். எடுக்கலன்னா ஒரே அறை."

அப்பா தன் விரலை அந்தப் போனின் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணலையே" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் அப்பா பூனையைச் செய்து போனில் போட்டுவிட்டார். வீட்டில் மூன்று பேரும் விளையாடிப் பார்த்தார்கள். அதிகம் அறை வாங்கியது அம்மாதான். "இதுக்கு என்னைக் கண்டாலே ஆகல" என்றாள்.

சனிக்கிழமை, கடை மேசையின் நடுவில் நாரே போனை வைத்தாள். பூனை புசுபுசுவென்று மூச்சுவிட்டுத் தூங்கியது. சூவா ஒரு மூலையில் விரல் வைத்தாள். கயோன் ஒன்றில். நாரே ஒன்றில். "நீயும் வை, யெரின்" என்றாள் நாரே.

யெரின் விரலை வைத்தாள். திரை அப்படியே நின்றது. பிறகு கறுத்துப்போனது.

"உன் பூனை செத்துப்போச்சுடி" என்றாள் யெரின்.

நாரேவின் காதெல்லாம் சிவந்தது. போனை அணைத்து மறுபடியும் போட்டாள். மூன்று விரல் வைத்தால் பூனை தூங்கியது. நான்காவது விரல் பட்டதும் மறுபடியும் இருட்டு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான்காவது விரலைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

"மூணு பேருதான் வெளையாடலாம் போல" என்றாள் கயோன்.

'அப்ப நீ சும்மா பாத்துக்கிட்டு இரு, யெரின்.' இந்தச் சொற்கள் நாரேவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. எவ்வளவு இனிப்பான சொற்கள். அவற்றைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள்.

யெரின் தன் போனை எடுத்து வயலைத் திறந்தாள். ஆனால் அவள் கண் முயல் மேல் இல்லை. ஓரக்கண்ணால் பூனையைத்தான் பார்த்தது. அந்தப் பார்வையை நாரேவுக்கு நன்றாகத் தெரியும். வசந்தம் முழுக்க அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாரே தன் விரலை எடுத்தாள்.

"யெரின், என் எடத்துக்கு வா. அறை வாங்கறவங்க எந்திரிக்கணும், அடுத்தது நான்."

யெரின் தன் போனைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து விரலை வைத்தாள். பூனை கண்ணைத் திறந்தது. சூவாவை முறைத்தது, கயோனை முறைத்தது, யெரினைப் பளாரென்று அறைந்தது.

"நான் எடுத்துட்டேன், இது பொய் சொல்லுது" என்று யெரின் கத்தினாள். விழுந்து விழுந்து சிரித்ததில் கயோனுக்குப் புரையேறியது. பக்கத்து மேசைப் பையன்கள் எட்டிப் பார்த்து வரிசையில் நின்றார்கள். சித்தி கரண்டியோடு வந்து, "எனக்கு ஒரு மூலை குடுங்க பிள்ளைங்களா" என்றாள். எங்கோ ஒரு போன் 'டிங்' என்று கேரட் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

கிளம்பும்போது யெரின் மெதுவாகக் கேட்டாள். "நாரே, அந்தப் பூனை என் போன்ல வராதா?"

"இப்ப வராது" என்றாள் நாரே. அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். "ஆனா தெனமும் என்னுத நடுவுல வெக்கறேன். நீ மொத ஆளா உக்காந்துக்க."

வீட்டில், நான்காவது விரலைப் பற்றிக் கேட்டதும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கே சரி பண்ணிடறேன். வேற என்ன சொன்னாங்க? நல்லா இல்லன்னாங்களா?"

"இல்லப்பா. யெரின் ஒண்ணு கேட்டா. அந்தப் பூனை அவ போன்ல வராதான்னு."

அப்பா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கேட்டா?"

"அவ போன்ல வராதான்னு."

"அவ வாயாலயே கேட்டாளா? இன்னொரு தடவை சொல்லும்மா."

அம்மா வைத்த சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. நாரே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, யெரினைப் போலவே தலையைச் சாய்த்து மறுபடியும் சொல்லிக் காட்டினாள்.