எந்தப் பண்டம்?

மழைக்கு ஒதுங்க வந்தவளாகத் தெரியவில்லை. சண்டைக்கு வந்தவளாகத்தான் வள்ளியாத்தாள் கம்பெனிக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

பெட்ரோல் விலை எகிறிய எழுபத்து நாலாம் வருஷம் அது. சித்தூர்ப் பக்கத்துச் சாராயக் கம்பெனியில் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து, வண்டிக்கு ஊற்ற ஸ்பிரிட் காய்ச்சினார்கள். மிஞ்சிய சக்கையைப் பிழிந்து உலர்த்தும் வேலை, மலையூரான வண்டன்மேட்டிலிருந்து வந்த கெமிஸ்ட் பெரியமுத்துவுக்கு. அவன் நிமிர்ந்து பார்த்தான். அம்மாடி... என்ன கண்கள்! கொண்டு வந்த கோபத்தில் பாதியைக் காணவில்லை அவளுக்கு.

"ஏனுங்க, மாதிரிக்குன்னு ஊருக்குச் சக்கை மூட்டை குடுத்தீங்களே... பண்டம் தின்னா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"பண்டமா? ஐயையோ, இதுல பண்டம் கிண்டம் செஞ்சிராதீக! வாயில வைக்க வெளங்காது!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க செவலை காத்தால ரண்டு படி தின்னுபோட்டுதுங்களே..."

"செவலையா? யாரு, தங்கச்சியா?"

"மாடுங்க!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க பக்கம் பண்டம்னா முறுக்கு, அதிரசம்! நீங்க மாட்டையா சொன்னீக? பயப்படாதீக. சோளத்து மாவுதான் ஸ்பிரிட்டாப் போச்சு. புரதம் பூரா இதுல இருக்கு. பால் கூடும், பாருங்க."

அவள் முறைத்தாள். முறைப்பு நிற்கவில்லை... சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அப்பா சென்னியப்பன் வீம்புக்காரர். "சாராயக்காரன் எச்சலு நம்ம கட்டுத்தரைக்கு ஆவாது!" என்று மூட்டையைக் குப்பைக்குழியில் வீசினார். ஊரும் அவர் பேச்சையே பிடித்துக்கொண்டது. மாதக் கடைசிக்குள் யாரும் வாங்காவிட்டால் உலர்த்துவதை நிறுத்திவிடுவார்கள். பெரியமுத்து மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். போனால் போகட்டுமே என்று வள்ளியாத்தாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே? குழியிலிருந்து மூட்டையை எடுத்து ஒளித்து, தினமும் தவிட்டோடு கலந்து செவலைக்கு வைத்தாள்.

பத்தாம் நாள் பால் அரைப்படி கூடியது.

"எல்லாம் என்ற கைராசி!" என்று மீசையை நீவினார் அப்பா.

"கம்பெனிச் சக்கைங்கப்பா..." உண்மையைச் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் அவரே பாலைக் கறந்து அளந்து பார்த்தார். மூன்றாம் நாள் தானே வண்டி பூட்டினார். "பத்து மூட்டை போதுமா, பாரு."

அன்றும் தூறல். அப்பா வெளியே மூட்டை ஏற்ற, கொட்டகைக்குள் இருவர் மட்டும்...

"இனி நான் மலைக்குப் போக வேண்டாம்," என்றான். "உங்க வீட்டுக்கு ஒருநா பண்டம் வாங்கிட்டு வரட்டா?"

"எந்தப் பண்டமுங்க?"

"பொண்ணு கேட்டு வாறப்பக் கொண்டாருத பண்டம்..."

அவள் தலை தாழ்ந்தது. நெஞ்சு மட்டும் துள்ளியது.

"முறுக்கே கொண்டாங்க. எங்கப்பனுக்கு அதுன்னா உசுரு." நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "எனக்கு... நீங்க வந்தாப் போதுமுங்க."