கால்மாட்டுக் கைகள்

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அறுத்துத் தைத்த இடுப்போடு படியேற முடியாது என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து வேன் நேராக, வாடகைக்குப் பிடித்த ஒரு தரைத்தள அறைக்கு வந்தது. ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பினாயில் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று: ஊசி போடுமுன் பஞ்சால் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை.

"ஆஸ்பத்திரி வாடை என் மேலயே ஒட்டிக்கிச்சும்மா."

"உடம்பத் துடைச்சு விட்டா போயிடும்டி" என்றாள் அம்மா.

போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலை உறுதியான அன்றே ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்தது. இடுப்பு மூட்டு நொறுங்கி, அங்கே இப்போது உலோகப் பந்து. ராசியில்லாத பெண் என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். லாரி ஓட்டியவனுக்கு ராசி பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதக் கடைசி வரை பொறுக்கிறோம் என்றது கம்பெனி. அதற்குள் வாக்கரை விட்டுவிட்டு, என் காலில் நடந்துபோய் என் நாற்காலியில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அம்மாவோடு தையல் ஃபேக்டரியில் நூல் பிசிறு வெட்டப் போகலாம். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை அது. இந்தக் காலுக்கு அதுவும் தர மாட்டார்கள்.

நடைப்பயிற்சி கொடுக்க வரும் பிஸியோதெரபிஸ்ட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'வாத்தி'.

"குனியாதே. ஒருக்களிச்சுப் படுக்காதே. ரெண்டு காலும் சேரவே கூடாது, நடுவுல எப்பவும் தலையணை இருக்கணும். மீறினா பந்து கழண்டுக்கும். அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"செருப்பு எப்படி சார் மாட்டறது?"

"அதுக்குத்தான் அம்மா. உன் பாதம் வெளியூர் போயிருக்குன்னு நெனச்சுக்க."

நான் தனியாக எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது என்று, அம்மா காலையில் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள்.

"தீப்பிடிச்சா என்னம்மா பண்றது?"

"வாயக் கழுவுடி. திறந்து போட்டுட்டுப் போனா எவனாவது உள்ள நுழைய மாட்டானா?"

வெளியே இருப்பவனைப் பற்றித்தான் அம்மாவுக்குக் கவலை.

முதல் மதியம், குதிகாலை இழுத்து மடக்கி, நீட்டி, பக்கவாட்டில் விரித்துப் பயிற்சியை முடித்துவிட்டு அசந்துபோனேன். விழித்தபோது தலையணை தரையில் கிடந்தது. கால்கள் சேர்ந்திருந்தன. குதிகாலோடு குதிகால், பெருவிரலோடு பெருவிரல். பாதங்கள் கூரையைப் பார்த்து நேராக நின்றன.

தூக்கத்தில் புரண்டால் கால் இப்படியா கிடக்கும்?

யாரோ அடுக்கி வைத்தது போல இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் தூங்கக் கூடாது என்று கண்ணை மட்டும் மூடிக் கிடந்தேன். ஈரத் தரையில் ரப்பர் செருப்பு ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. கதவுப் பக்கமிருந்து இல்லை. சுவர்ப் பக்கமிருந்து. கால்மாட்டுக்கு வந்து நின்றது.

துணி கிழிந்தது.

சில்லென்ற விரல்கள் என் விரல்களைத் தொட்டன. முரட்டுத்தனமே இல்லை. குழந்தைக்கு உடுத்திவிடுகிற அக்கறை அந்தக் கைகளில்.

கண்ணைத் திறந்தால் அறையில் யாருமில்லை. என் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் முடிச்சுப் போட்டிருந்தது.

அவிழ்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் பந்து கழலும். என் பாதத்தை நானே பார்த்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டு, சாயங்காலம் வரை கிடந்தேன்.

அம்மா வந்ததும் திட்டினாள். "என்னடி கூத்து இது? எதுக்குக் கட்டிக்கிட்ட?"

"என்னால குனிய முடியாதும்மா."

முடிச்சில் வைத்த அவள் கை அப்படியே நின்றது.

மாடியிலிருந்த வீட்டுக்கார அக்காவை அம்மா கையோடு இழுத்துவந்தாள். அவர் கட்டிலைப் பார்க்காமலே பேசினார்.

"முன்னால இங்க ஒரு ஆயாம்மா இருந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரி வார்டுல வேலை. கேக்க நாதியில்லாத பொணத்துக்குக்கூடக் கண்ண மூடி, தாடையக் கட்டி, கால் விரலக் கட்டித்தான் அனுப்புவாங்க. அவ்ளோ பொறுப்பு."

"செத்தவங்களுக்குத்தானே?" என்றேன்.

"வயசாச்சில்ல, கடைசில தடுமாறிட்டாங்க. மயங்கிக் கெடந்த ஒரு பொண்ணுக்குக் கட்டிட்டாங்க. வேலைய விட்டு நிறுத்தவும், இங்கயே வந்து படுத்தவங்கதான், அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

"இதச் சொல்லித்தானே வீட்டக் குடுக்கணும்?"

"சொன்னா யாரு வருவா?" என்றார் அக்கா.

அசையாமல் மல்லாந்து கிடந்தால் பிணம் என்று அந்த ஆயா கட்டுகிறாள். எனக்கோ மல்லாந்து கிடக்க மட்டும்தான் அனுமதி.

மறுநாள் சாயங்காலம் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகச் சித்தப்பா வேனோடு வருவதாகச் சொன்னார். அம்மா ஃபேக்டரிக்குப் போகவில்லை. உள்ளே தாழ் போட்டு, கட்டிலோரம் பாயை விரித்துக் காவலுக்கு உட்கார்ந்தாள். "நான் முழிச்சிருக்கேன். நீ கண்ண மூடு."

மூடினேன். தப்பு என்னுடையதுதான்: அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வருஷக்கணக்காக நின்ற உடம்பு, பகலில் படுத்தே அறியாதது, பாயைக் கண்டதும் சாய்ந்துவிட்டது.

மல்லாந்து.

நான் விழித்தபோது அம்மாவின் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சு. கண்கள் மூடியிருந்தன.

"அம்மா."

நான் சிரமமில்லாமல் எழ வேண்டுமென்று கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த உயரத்திலிருந்து அவள் மூச்சு தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை எறிந்தேன். தோளில் பட்டு உருண்டது. அவள் அசையவில்லை.

"எம்மா! எந்திரிம்மா!"

அவளுடைய கால்மாட்டில் ரப்பர் செருப்பு ஒட்டிப் பிரிந்தது.

வேலை, நாற்காலி, மாதக் கடைசி எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தன. போகட்டும் மயிரு என்று குனிந்தேன்.

உள்ளே 'டொக்' என்றது.

அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. தரையில் விழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து, அம்மாவின் கால்விரல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். வாயெல்லாம் ஸ்பிரிட் கசப்பு. தாடைக் கட்டைப் பிய்த்தெறிந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவள் போல அம்மா மூச்சை இழுத்தாள்.

பந்தை மறுபடி ஏற்றி வைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் தருகிறோம், அதற்கு மேல் இல்லை என்றது கம்பெனி. இப்போது சித்தப்பா வீட்டில், ஊரின் வேறொரு மூலையில் இருக்கிறோம். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் அறை. அம்மா படுப்பதே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள்.

இன்று காலை வாத்தி வந்தார். "பழசையெல்லாம் விடு. இந்தக் கால் பக்கவாட்டுல விரிஞ்சாத்தான் நீ நடக்கவே முடியும். எங்க, மெதுவா விரி."

விரித்தேன். அசையவில்லை. கணுக்காலின் வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை, இன்னொரு காலை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது.

"கைய எடுங்க சார். இப்படி அமுக்கினா எப்படி விரிக்கறது?"

பதில் என் தலைமாட்டிலிருந்து வந்தது. வாத்தி அங்கேதான் நின்றிருந்தார், என் தலையணையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா."

மற்றொரு கணுக்காலிலும் ஓர் உள்ளங்கை, பதமாக, வந்து பதிந்தது.