மூன்றாம் தலையசைப்பு

பங்குனி மாதத்துப் பௌர்ணமி. மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே கடலின் விளிம்பிலிருந்து முழுமதி மெல்ல எழுந்து, செந்தாழையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் தன் வெள்ளொளியைப் பரப்பத் தொடங்கியிருந்தது. ஆற்றின் வடகரையில் மரக்காயர்களின் கப்பல்கள் பாய் சுருட்டி நின்றன. தென்கரையில் பரவர்களின் தோணிகள் மணலில் கிடந்தன. இரண்டுக்கும் நடுவே, தாழம்புதர்கள் சூழ்ந்த மேட்டின்மீது, அலைவாய்க் கோட்டை எழுந்து நின்றது. தாழம்பூ மணத்தைச் சுமந்து வந்த காற்று கோட்டையின் சபாமண்டபத்துத் திரைச்சீலைகளை அசைத்து விளையாடியது.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய மாலைப்பொழுதில் கதாநாயகன் பூஞ்சோலையில் தன் காதலிக்காகக் காத்திருப்பதுதான் வழக்கம். நம் கதையின் நாயகன் சந்தியாகுவோ அந்த மண்டபத்தின் நடுவே, மொழிபெயர்க்கும் துபாஷிகளுக்குரிய முறைப்படி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, இன்னும் ஒரு நாழிகைக்குள் என்ன ஆகுமோ என்று உள்ளம் பதைக்க நின்றுகொண்டிருந்தான். எல்லா நாயகர்களுக்கும் பூஞ்சோலை வாய்த்துவிடுமா என்ன?

இருபது நாட்களுக்கு முன்பு, மீன் உலர்த்தும் மணல்திட்டு யாருக்கு உரியது என்று இரு கரையாருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. அது கைகலப்பாகி, பக்கத்துக்கு ஓர் உயிரைக் காவு கொண்டது. அத்துடன் நின்றிருந்தால் மீனோடு போயிருக்கும். ஆனால் அதற்குள் வேதம் வந்து நுழைந்துவிட்டது. ‘கண்ட இடத்தில் கொல்லுங்கள்’ என்று அவர்கள் குர்ஆனில் எழுதியிருக்கிறது என்று தென்கரையில் ஒருவன் கூவினான். ‘சமாதானத்தை அல்ல, வாளையே கொண்டுவந்தேன்’ என்று அவர்கள் சுவிசேஷத்தில் இருக்கிறது என்று வடகரையில் ஒருவன் கூவினான். இருவருமே தங்கள் நூலைக்கூட முழுதாக ஓதியவர்கள் அல்லர். அரைகுறைப் படிப்பாளியின் கையில் கிடைத்த வாக்கியம் குடிகாரன் கையில் கிடைத்த கொள்ளிக்கட்டை. எந்தக் கூரையில் செருகுவான் என்று யாருக்குத் தெரியும்?

அந்தச் சீமையை ஆண்ட இராணி தருமநாச்சியார் சிவபூசை தவறாதவர். நாற்பது வயதுக்குள் இரண்டு போர்களைக் கண்டவர். அவர் இரு தரப்பையும் கோட்டைக்கு வரவழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அண்டை வீட்டானைக் கொல் என்று உங்கள் வேதம் கட்டளையிடுவது உண்மையா? உண்மையானால் அந்த வேதத்தார் என் கரையில் இருக்க வேண்டாம். பொய்யானால், அந்த வசனத்துக்குப் பொருள் சொல்வது எப்படி, சொல்லும் உரிமை யாருக்கு என்று சபையில் விளக்குங்கள்.

வாதத்துக்கு அவருடைய முன்னோர் வகுத்த நெறி ஒன்று உண்டு. முதலில் பரபக்கம் சொல்ல வேண்டும்; அதாவது எதிராளியின் கொள்கையை, எதிராளியே ‘ஆம், நான் கருதுவது இதுதான்’ என்று தலையசைக்கும்படி எடுத்துரைக்க வேண்டும். மறுப்பதும் வெல்வதும் அதற்குப் பிறகுதான். எதிராளி மூன்று முறை ‘இல்லை’ என்று தலையசைத்தால் சொன்னவன் தோற்றவன். இம்முறை தோற்றவர்களின் தெரு முழுவதும் அமாவாசைக்குள் கரையைக் காலி செய்ய வேண்டும் என்பது இராணியின் ஆணை.

திருவுளச்சீட்டில் முதல் முறை கிறிஸ்தவர்களுக்கு விழுந்தது. அவர்கள் தரப்பில் கொன்சாலு பாதிரியார் அமர்ந்திருந்தார். இலத்தீனில் கரைகண்டவர், கப்பலிறங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முகமதியர் கொள்கையை அவர் கற்றதெல்லாம், அதை மறுப்பதற்கென்று அவர் தேசத்தில் எழுதப்பட்ட ஏடுகளிலிருந்துதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர் சொன்னதைச் சந்தியாகு தமிழில் சொன்னான். இந்த வசனம் எக்காலத்துக்கும் எல்லா மாற்றாருக்கும் எதிரான கட்டளை என்றே இவர்கள் கொள்கிறார்கள் என்றார் பாதிரியார். எதிரே அமர்ந்திருந்த வடகரை வேத அறிஞர் மீறான் லெப்பை ஆலிம் தம் வெண்தாடியைத் தடவியபடி ‘இல்லை’ என்று தலையசைத்தார். இவர்கள் எந்தச் சொல்லையும் எழுத்தின்படியே எடுப்பவர்கள், கருத்தைத் தேடாதவர்கள் என்றார் பாதிரியார். ஆலிம் இரண்டாம் முறையும் தலையசைத்தார்.

பாதிரியார் ஏட்டைப் புரட்டி மூன்றாவது வாக்கியத்தை இலத்தீனில் சொல்லி முடித்தார். அதுவும் தவறு என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். அதைத் தமிழில் சொன்ன மறுகணமே முன்னூறு குடும்பங்கள் சட்டி பானையோடு தோணியேற வேண்டியிருக்கும். அவற்றுள் அவன் தாயும் இரண்டு தமக்கைமாரும் இருந்தார்கள்.

சரியான விடையும் அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுடைய துன்பமே.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அந்நியக் கப்பல்தலைவன் ஒருவன் சந்தியாகுவை வடகரைக்கு ஒற்றனாக அனுப்பினான். மரக்காயர் கப்பல்கள் புறப்படும் நாட்களை அறிந்து சொல்வது வேலை. தாடி வளர்த்து, யூசுப் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவன் மீறான் லெப்பை ஆலிமின் பாடசாலையில் மாணவனாகச் சேர்ந்தான். முதல் ஆறு மாதத்தில் மூன்று ஓலை அனுப்பினான். அவற்றால் ஒரு கப்பல் பிடிபட்டது; ஆட்கள் கரை சேர்ந்தார்கள், சரக்கு சேரவில்லை. அதன்பின் அவன் ஓலை அனுப்பவில்லை. ஓதக் கேட்ட வேதம் அவனைத் தன் மதத்தினின்று பெயர்க்கவில்லை. ஆனால் அந்த வேதத்தை நேசித்து வாழ்ந்தவர்களைக் காட்டிக்கொடுக்க முடியாதவனாக அவனை ஆக்கிவிட்டது. திரைக்குப் பின்னிருந்து தந்தைக்கு ஏடு வாசித்த ஆலிமின் மகள் சைனம்பு நாச்சியாரின் குரலும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைப்பானேன்? ஈராண்டு முடிந்தபோது ஆலிம் அவனை அழைத்து, தம் மகளை அவனுக்கு நிக்காஹ் செய்து தருவதாகச் சொன்னார். யூசுப் என்றொருவன் இல்லவே இல்லையே! பொய்ப்பெயரில் தாலி கட்ட மனம் வராமல், மறுநாள் விடியலில் அவன் ஒருவரிடமும் சொல்லாமல் ஆற்றைக் கடந்தான். பொய்ப்பெயரில் சீமைக்குள் குடியிருந்த ஒற்றனுக்கு அலைவாய்க் கோட்டையின் தண்டனை தலையை வாங்குவதே. இப்போது தாடியை மழித்து, குரலைத் தாழ்த்தி, ஆலிம் தன்னை அடையாளம் காணவில்லை என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

“துபாஷி, பாதிரியார் சொன்னது என்ன?” என்று இராணி கேட்டார்.

சந்தியாகு பாதிரியார் சொன்னதை விட்டுவிட்டான்.

“மகாராணி, ஒரு வசனத்தைத் தனியே பிய்த்தெடுத்துப் பொருள் சொல்லக்கூடாது என்பதே இவர்கள் நெறி. அதற்கு முன்னே நிற்பது என்ன, பின்னே நிற்பது என்ன, எந்த வேளையில் யாரைக் குறித்து அது இறங்கியது என்று பார்க்க வேண்டும். இந்த வசனத்துக்கு முன்னே, ‘உங்களோடு போரிடுவோருடன் போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்’ என்று இருக்கிறது. பின்னே, ‘அவர்கள் விலகிக்கொண்டால் இறைவன் மன்னிப்பவன்’ என்று இருக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தியவர்களைக் குறித்து, வாளோடு வந்தவர்களைக் குறித்து இது இறங்கியது. முதியவரையும் பெண்டிரையும் பிள்ளைகளையும் மடத்துத் துறவியையும் தொடலாகாது. அமைதியாயிருக்கும் அண்டை வீட்டானுக்கு எதிராக இதை ஓதுபவன் வரம்பு மீறியவன். அவனை இறைவன் நேசிப்பதில்லை.”

மண்டபத்தில் வடகரையார் பகுதியில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஆலிமின் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை. இராணியின் ஆசனத்துக்கு அருகே தொங்கிய திரைக்குப் பின்னிருந்து, மூல ஏட்டை வாசிப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த சைனம்புவின் குரல் வந்தது.

“மகாராணி, பொருள் சரியாக இருக்கிறது. ஆனால் எங்களுக்குள் இன்னொரு நெறி உண்டு. பொருள் சொல்பவர் அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று வரிசை சொல்ல வேண்டும். வரிசை இல்லாத பொருள் காற்றில் வந்த வதந்தி. அதற்கு என் வாப்பா தலையசைக்க இயலாது.”

அவள் கேட்டது நெறி. ஆனால் அந்தக் கேள்வி சபைக்காக மட்டும் கேட்கப்பட்டதன்று என்பது சந்தியாகுவுக்குப் புரிந்தது. ஓராண்டாக அவள் மனத்திலேயே வைத்திருந்த கேள்வி அது.

“ஏமன் தேசத்துச் சாலிஹ் ஷெய்கு சொல்ல, பக்கீர் லெப்பை ஆலிம் கேட்டார்,” என்று அவன் தொடங்கினான். “பக்கீர் லெப்பை ஆலிம் சொல்ல...” நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்துவது இயற்கை. இவன் தெரிந்தே வாயைத் திறக்க வேண்டியிருந்தது. வழிப்போக்கன் ஒருவன் சொன்னான் என்று சொல்லித் தப்பலாம்; அப்படிச் சொன்னால் வரிசை அறுந்து, தென்கரையும் அதோடு அறுந்துபோகும்.

“பக்கீர் லெப்பை சொல்லக் கேட்டவர் யார்? அவர் சொல்லக் கேட்டவர் யார்?” என்றது திரைக்குப் பின்னிருந்த குரல்.

சந்தியாகு வாயைப் பொத்தியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

“கேட்டவர் இதோ அமர்ந்திருக்கும் மீறான் லெப்பை ஆலிம். அவரிடம் கேட்டவன் நான். யூசுப் என்ற பொய்ப்பெயரில், ஒற்றனாக வந்து, ஈராண்டு அவர் காலடியில் இருந்து கேட்டேன். நான் இப்போது சொன்னவை பாதிரியாரின் சொற்கள் அல்ல. தண்டனை எனக்கு மட்டும் ஆகட்டும், மகாராணி.”

காவலர் இருவர் வந்து அவன் தோள்களைப் பற்றினார்கள். நடந்தது இன்னதென்று பக்கத்திலிருந்த ஒருவர் வாயிலாக அறிந்த பாதிரியாரின் முகம் சிவந்தது. ஆயினும் அவர் அந்தச் சொற்களை மறுக்கவில்லை. மறுத்தால் முன்னூறு குடும்பங்களின் கதி என்ன என்பது அவருக்கும் தெரியும். அவர் தம் ஏட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆலிம் எழுந்து நின்றார். சபை முழுதும் காண, ‘ஆம்’ என்று தலையசைத்தார்.

“வரிசை சரி. இது நான் சொன்னதுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மகாராணி, இவன் வாய் திறந்த முதல் சொல்லிலேயே இவனை அறிந்தேன். ஈராண்டு பாடம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? தானே சொல்கிறானா என்று பார்த்திருந்தேன்.”

அவர் குரலில் கோபம் இருந்தது, வருத்தமும் இருந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. தம் சோற்றை உண்டவன் தம்மவர் கப்பலைக் காட்டிக்கொடுத்தான் என்பதையும், தம் மகளை ஊர் பேசும்படி விட்டுப்போனான் என்பதையும் சபையில் சொன்னார். சந்தியாகு தலைகுனிந்து கேட்டான். இராணி, ஒற்றனுக்குரிய தண்டனை அனைவரும் அறிந்ததே என்றார்.

“அறிவேன். ஆனால் வாதம் முடியவில்லையே,” என்றார் ஆலிம். “அடுத்து என் முறை. ‘வாளையே கொண்டுவந்தேன்’ என்ற வசனத்தை இவர்கள் எப்படிக் கொள்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த வாள் கொல்லும் வாள் அன்று, சத்தியத்தினிமித்தம் ஒரு வீட்டுக்குள்ளேயே விழும் பிரிவு என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்? எனக்குத் தெரியாது. அவர்கள் வேதத்துக்கு எனக்கு ஆசான் இல்லை. இவன் பொய் சொல்லி வந்தாலும் ஈராண்டு உட்கார்ந்து கற்றான். நான் எழுபது ஆண்டு எதிர்க்கரையிலேயே இருந்தும் ஒரு நாள் கற்கவில்லை. எனக்கும் ஈராண்டு தவணை வேண்டும். எனக்குச் சொல்லித்தரவும், நான் சொல்வது சரியென்று தலையசைக்கவும் தமிழும் வேதமும் அறிந்தவன் இவன் ஒருவனே. தலையை வாங்கிவிட்டால் எதை அசைப்பான்?”

இராணி, தவணை தந்ததாகவும், அதுவரை இரு கரையாரும் தத்தம் இடத்தில் இருக்கலாம் என்றும், அந்த வசனங்களைச் சண்டைக்கு ஓதுபவன் எவனாயினும் அவன் நாக்கைத் தாமே வாங்கப் போவதாகவும் அறிவித்தார். ஆனால் ஒருமுறை சொல்லாமல் ஓடியவன் மறுமுறையும் ஓடமாட்டான் என்பதற்குப் பிணை நிற்பவர் யார் என்று கேட்டார். பரவர் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் நிற்கிறேன், மகாராணி,” என்றது திரைக்குப் பின்னிருந்த குரல். “இவர் ஓடினால் இவருக்குரிய தண்டனை எனக்கு ஆகட்டும். இறைவன்மீது ஆணை.”

இராணி திரும்பிப் பார்த்தார். “உன்னை விட்டு ஓடியவனுக்கா பிணை நிற்கிறாய், பெண்ணே?”

“ஓடியவன் யூசுப். அவனுக்கு நான் பிணை நிற்கமாட்டேன். இங்கே நிற்பவரை நான் இன்றுதான் காண்கிறேன். இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.”

காவலர்களின் கைகள் தளர்ந்தன. சந்தியாகுவின் கண்கள் நிறைந்து வழிந்தன, அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தத் திரையை நோக்கித் திரும்பி, ஈராண்டு அவள் வீட்டில் ஒருமுறையும் உச்சரிக்காததை, மண்டபம் முழுதும் கேட்கும்படி சொன்னான்:

“சந்தியாகு. தென்கரைத் தோணிக்காரர் மிக்கேலின் மகன்.”