திங்கட்கிழமை ஆபீஸில் ஆளில்லை!

செல்போன் அலறியது.

ராயப்பன்பட்டி வீட்டில் மெர்லின் திடுக்கிட்டு எடுத்தாள். மாலை நாலு மணி. திரையில் ஆபீஸ் சூப்பிரண்டு சுந்தரலிங்கத்தின் பெயர்.

"சொல்லுங்க சார்..."

"மெர்லின்... கர்ணன் செத்துட்டான்."

"ஐயோ மாதாவே! என்ன சார் சொல்றீக?"

"ஆபீஸ்லயேதான். கழுத்துல ஒயரைப் போட்டு இறுக்கியிருக்காக. மத்தியானம் வாட்ச்மேன் பாத்திருக்கான்."

நாற்காலியில் சரிந்தாள்.

தேனியில் இருக்கும் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி மையம் அது. தேர்வுப் பிரிவில் மூன்றே பேர். சுந்தரலிங்கம், கர்ணன், மெர்லின். மெர்லின் பஸ் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கிப் பிழைத்தவள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மார்க் ஏற்றலாம், இரண்டு நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்று இந்த 2009-ல்தான் உத்தரவு வந்தது. மேலிடத்தில் முட்டி மோதி அதை வாங்கிக் கொடுத்தவன் கர்ணன். அந்த உத்தரவைச் சாக்காக வைத்துச் சுந்தரலிங்கமும் திங்கட்கிழமையைத் தன் வீட்டு வேலை நாளாக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமைகளில் ஆபீஸில் கர்ணன் மட்டும்தான்.

இன்று திங்கட்கிழமை!

"போலீஸ் உன்னைத் தேடி வருது," என்றார் சுந்தரலிங்கம். "பதினொண்ணேகாலுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உன் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ மார்க்கை மாத்தியிருக்காக. அதே நேரத்துலதான் கர்ணனையும் முடிச்சிருக்காக."

"நான் இன்னிக்கு தேனிப் பக்கமே வரலை சார்!"

"தெரியும்மா. அதான் உன்னைக் காப்பாத்திட்டேன். பதினொண்ணேகாலுக்கு எங்க ஊரு கடமலைக்குண்டுல ஒரு ரூபாக் காசு போடுற போன்ல இருந்து உன் வீட்டு நம்பருக்குப் பேசுனேன், நீதான் எடுத்தேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லிரு."

"ஆனா நீங்க பேசவே..."

"பேசலைதான்." குரல் தணிந்தது. "ஆமான்னு சொன்னா நீ வீட்ல இருந்த. இல்லைன்னு சொன்னா... நீ எங்கன இருந்த மெர்லின்?"

தொடர்பு அறுந்தது.



பதினொன்றேகாலுக்கு மெர்லின் வீட்டிலேயே இல்லை!

சனிக்கிழமை மழையில் வீட்டு போனும் பிராட்பேண்டும் செத்துவிட்டன. காலையில் ஆட்டோ பிடித்து உத்தமபாளையம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மார்க் ஏற்றினாள். அது குற்றம். மார்க் விவரத்தை வீட்டைத் தவிர வெளியிடத்தில் திறக்கக் கூடாது. தெரிந்தால் உத்தரவு ரத்து. தினமும் தேனிக்குப் பஸ் குலுக்கல்... முதுகு தாங்காது. வேலையை விட வேண்டியதுதான்.

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். எல்லாம் பிழைக்கும்.

அப்போதுதான் உறைத்தது.

அந்த 'ஆமாம்' சுந்தரலிங்கத்தையும் அல்லவா கடமலைக்குண்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது! அவள் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள்... அவர் ஒருவர்தான்!

வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் முத்துவீரன் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"ஒரே கேள்விதான்மா. பதினொண்ணேகாலுக்கு உங்க சூப்பிரண்டு இந்த வீட்டு போன்ல உங்ககிட்டப் பேசுனாராமே... நெசமா?"

நாற்காலியில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. அவள் படும் வேதனையைக் கேட்டுக் கர்ணனின் மனைவி பஞ்சம்மாள் தைத்துக் கொடுத்தது. இந்நேரம் பஞ்சம்மாள் பிணவறை வாசலில் நிற்பாள்...

"சொல்லுங்கம்மா!"

"இல்லை சார்... பொய்! அவுக பேசவே இல்லை. நான் வீட்லயும் இல்லை."

"பின்னே?"

"உத்தமபாளையம் பிரவுசிங் சென்டர்ல இருந்தேன். நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். என் வேலை போனாலும் போகட்டும் சார். கர்ணன் எனக்கு அண்ணன் மாதிரி..."

அவள் உடைந்து அழுதாள்.

முத்துவீரன் மெல்லச் சிரித்தார்.

"அந்த நோட்டைப் பாத்துட்டுத்தான் வர்றேன்!"

மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே பாஸ்வேர்டு... ஒரே நேரம்... ரெண்டு எடம்! ஒண்ணு தேனி ஆபீஸ், இன்னொண்ணு அந்த சென்டர். கம்ப்யூட்டர்லயே பதிவாகியிருக்கு. சென்டர்ல இருந்த நீங்க வீட்டு போனை எப்படி எடுப்பீக? மார்க்கை மாத்துறதைக் கர்ணன் பாத்துட்டாரு, அதான் உங்க சூப்பிரண்டு அவரை முடிச்சிட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு சார் என்னைக் கேட்டீக?"

"நீங்க 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா... கூட்டாளின்னு உங்களையும் ஜீப்புல ஏத்தியிருப்பேன்!"



முத்துவீரன் செல்போனை எடுத்தார். "ஏட்டய்யா... சாட்சி சொல்ல வந்து ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்காரே சூப்பிரண்டு, அவரை எழுப்பி உள்ள தள்ளுங்க!"

மெர்லின் கண்ணைத் துடைத்தாள். "என் வீட்டு வேலை உத்தரவு என்னாகும் சார்?"

"அது உங்க யுனிவர்சிட்டி பாடும்மா." முத்துவீரன் தொப்பியை மாட்டிக்கொண்டார். "உங்க சூப்பிரண்டுக்கு மட்டும் நான் உறுதியா சொல்லுவேன்... இனிமே அவருக்கு வீடும் ஆபீஸும் ஒரே எடந்தான். ஞாயித்துக்கிழமைகூட லீவு கெடையாது!"