ஒரே ஒரு சிவப்பு வரி

திரையில் சிரித்துக்கொண்டிருந்த மகளின் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வலது கன்னத்தில் இருக்க வேண்டிய மச்சம். படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிட்டது என்று முதலில் அலட்சியமாக நினைத்தான். ஆனால் அவள் தலை வகிடு வழக்கமான பக்கத்திலேயே இருந்தது. பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் எழுத்துகளும் நேராகவே இருந்தன. மச்சம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

"இந்த சாஃப்ட்வேர் எழுதினவனுக்கு மூளையே கிடையாது" என்று முணுமுணுத்தான். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் வேறு எவனுக்கோ மூளை இல்லாததுதான் காரணம் என்பது அவன் சித்தாந்தம். கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். யாரும் ஆசையாக வைத்ததல்ல, அவனே தனக்குச் சூட்டிக்கொண்டது.

சொந்தக் கையால் பாகம் பாகமாகச் சேர்த்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மத்தியானம்தான் கூடுதலாக இரண்டு ரேம் செருகியிருந்தான். பழையவை ஒரு கம்பெனி, புதியவை வேறொரு கம்பெனி. மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவன் படித்துப் படித்துச் சொன்னான்: "மாமா, ஜோடி சேராத ரேமை இஷ்டத்துக்கு ஓட்டாதீங்க. ஸ்பீடை ஏத்தித்தான் ஆகணும்னா ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓடவிடுங்க. ஒரு தப்புகூட வரலன்னாதான் அக்கா மாத்தச் சொன்ன படத்தையெல்லாம் அதுல ஏத்தணும்."

ராக்கெட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் ஈ ஓட்டுகிற பயலுக்கு என்ன தெரியும்? ரேம் தாங்கக்கூடியதற்கு மேல் வேகத்தை ஏற்றினான். அது முரண்டு பிடித்ததும் வோல்டேஜையும் ஏற்றினான். பேருக்கு டெஸ்ட் ஓட்டினான். ரேமில் எழுதிய ஒன்றைத் திரும்பப் படிக்கும்போது வேறாக வந்தால் டெஸ்ட் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். விழுந்தது. ஒரே ஒரு வரி. கோடிக்கணக்கான இடங்களில் ஒன்று தப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று டெஸ்டை நிறுத்திவிட்டு, வேகத்தைக் காட்டும் எண்ணைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுப் பீற்றிக்கொண்டான்.

பிறகு, மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையையும் பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றினான். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் பழைய டிஸ்கைத் துடைத்து, அதில் ஒரு கேமை இறக்கினான். "படத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க, வேற எங்கயும் கிடையாது" என்று மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

இப்போது பொழுது சாய்ந்து மழை பிடித்திருந்தது. ஜன்னல் சாத்திய அறையில் சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, பெட்டியின் விசிறிகள் போடும் சீரான இரைச்சல், அந்த இரைச்சலுக்கு அடியில் காதருகே கொசு வந்ததுபோல ஒரு மெல்லிய ரீங்காரம், பக்கத்து அறையில் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மகள் வழக்கம்போல வாய்க்குள் முனகும் பாட்டு. அவள் முனகலும் பெட்டியின் ரீங்காரமும் ஒரே சுருதியில் இருந்தன. ராக்கெட் அதைக் கவனித்தான். கவனித்ததைத் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த படத்தைத் திறந்தான். கடற்கரை. அவள் நெற்றிக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அதற்கடுத்த படத்தில் அவள் தலை ஓரிடத்திலும், கழுத்துக்குக் கீழே உடம்பு ஒரு சாண் தள்ளியும் நின்றன. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் முழுசாக இருந்தார்கள். மனைவி இருந்தாள், மச்சினன் இருந்தான், ராக்கெட்டின் தொப்பைகூடப் பங்கமில்லாமல் இருந்தது. கெட்டதெல்லாம் அவள் மேல் மட்டுமே விழுந்திருந்தது.

"குட்டி, இங்க வா."

வண்ணப் பென்சிலோடு வந்து நின்றாள். மச்சம் இடது கன்னத்தில். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். போகவில்லை.

"வலிக்குதுப்பா!"

"இது எப்ப இந்தப் பக்கம் வந்துச்சு?"

"எப்பவும் இங்கதானே இருக்கு."

அவள் நெற்றியில் முடி விழுந்திருந்தது. அதை ஒதுக்கிப் பார்க்க ராக்கெட்டுக்குத் தைரியம் வரவில்லை. "சரி, போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டு மச்சினனுக்கு ஃபோன் போட்டான். மச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை, படங்கள் சில கெட்டிருப்பதாக மட்டும் சொன்னான்.

"டெஸ்ட்ல தப்பு வந்துச்சா மாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வரல."

"அப்ப விடுங்க, பழைய டிஸ்க்லேருந்து மறுபடி எடுத்துக்கலாம்."

"அதுல... இப்ப ஒரு கேம் இருக்கு."

"மாமா... அழிச்சிட்டீங்களா?"

"எனக்குப் பாடம் எடுக்காதடா."

"ஐயோ. சரி, முதல்ல ஸ்பீடைக் குறைங்க. குறைக்காம அந்தப் படத்துல எது மேலயும் எழுதாதீங்க. எழுதினா இருக்கிறதும் போயிடும். நான் இப்பவே வரேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்" என்று ஃபோனை வைத்தான். வேகத்தைக் குறைப்பதா? குழுவில் இன்னும் பாராட்டு வந்துகொண்டிருந்தது. மகள் மேல் அவனுக்கு உயிர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மச்சினன் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்வது அந்த உயிரைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. கெட்ட படங்களைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்றை இறக்கி, மொத்தப் படங்களையும் அதன் கையில் கொடுத்து, பட்டனை அழுத்தினான்.

விசிறிகள் உறுமின. வாடை கூடியது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து, மேலிருந்து கீழாகத் துடைக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டன.

பக்கத்து அறையில் பாட்டு நின்றது.

"குட்டி?"

மழை. விசிறி. வேறொன்றும் இல்லை.

"அப்பா."

"என்னடா?"

"அப்பா."

அதே குரல். அதே இழுப்பு. அச்சு அசலாக அதே.

"அப்பா."

திரையில் அவள் பிறந்தபோது எடுத்த படம். தொட்டில் இருந்தது. உள்ளே வெறும் சாம்பல் நிறம்.

ராக்கெட் இவ்வளவு நேரமாகப் பயந்துகொண்டுதான் இருந்தான், இப்போதுதான் அது அவனுக்கே தெரிந்தது. நிறுத்தும் பட்டனை அழுத்தினான். நடுவில் நிறுத்தினால் எல்லாம் பாதியில் நின்றுவிடும், பரவாயில்லையா என்று திரை கேட்டது. அவனால் யோசிக்க முடியவில்லை. குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது. விசிறிகள் ஓய்ந்தன. அறை இருண்டது.

ரீங்காரம் மட்டும் நிற்கவில்லை. அது பக்கத்து அறையிலிருந்து வந்தது. நெருங்கி வந்தது.

காலடிச் சத்தம் இல்லை.

கூடத்து விளக்கு வெளிச்சத்தில், அறை வாசலில் அவள் வந்து நின்றாள். முடி. நெற்றி. கண். மூக்கு. வாய். எல்லாம் சரியாக. மச்சம்கூட வலது கன்னத்தில். முகத்துக்குக் கீழே சாம்பல் நிறம். கழுத்து இல்லை. சட்டை இல்லை. கை இல்லை. தரை வரைக்கும் தட்டையான சாம்பல்.

"அப்பா, மீதி எங்கப்பா?"

அவன் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினான்.

அழைப்பு மணி அடித்தது. வெளிக்கதவுக்கு அப்பால் மனைவியின் குரல். "குட்டி, கதவத் திறம்மா! நனையுறேன்."

"அம்மா வந்தாச்சு" என்று சிரித்தாள். கதவைத் திறக்கத் திரும்பினாள்.

பக்கவாட்டில் அவளுக்குத் தடிமன் இல்லை. ஒரு கோடு மட்டும் நின்றது. கோடு நகர்ந்து கூடத்தைத் தாண்டியது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.