பையில் இருந்த ஃபியூஸ்

ஃபியூஸ் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. இருந்தும், கூடத்து நடுவில் தொங்கிய பித்தளைப் பூ விளக்கில் ஒற்றை பல்ப் மங்கலாகச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

மர ஏணியில் பாதி ஏறியிருந்த எலெக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த வீட்டு வேலையானாலும் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பான். பெட்டியிலேயே விட்டால் எவனாவது மாட்டித் தொலைப்பான். பையைத் தடவினான். பீங்கான் கட்டை சில்லென்று இருந்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" சுவரோரம் நின்ற மைத்துனன் சிரித்தான். "அக்காவை நினைச்சுக்கிட்டீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா மாப்ள."

காலையில்தான் மனைவி சொல்லி அனுப்பினாள். "என் தம்பி அவசரக்குடுக்கைங்க. அவன் உயிருக்கு நீங்கதான் பொறுப்பு." இவனும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

வெளியே விடாத மழை, பட்டப்பகலிலேயே இருட்டு. வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த வீடு. வாங்கியவர் பழைய விளக்குகளைக் கழற்றச் சொல்லியிருந்தார். ஈரச்சுண்ணாம்பு வாடையும் தீய்ந்த ரப்பர் வாடையும் மூக்கை அடைத்தன, அவற்றுக்கு அடியில், யாரோ வெகுநேரமாக அங்கேயே நின்று வேர்த்த மாதிரி ஒரு வாடை. எதிர்ச்சுவரில் டியூப்லைட் மங்கலாக மினுங்கியபடி விடாமல் ரீங்காரமிட்டது. எந்தக் கிறுக்கன் செய்த வயரிங்கோ, அந்த டியூப்புக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சோக்கே இல்லை. அதன் வயர் சுவருக்குள் புகுந்து பூ விளக்குக்குப் போய், அந்த பல்ப்பையே சோக்காக வைத்துக்கொண்டிருந்தது. ஒன்று எரிந்தால்தான் மற்றதும் எரியும்.

மைத்துனன் சுவரிலிருந்த மரமூடியைப் பெயர்த்தான். உள்ளே அதே வயரின் வெட்டப்பட்ட இரண்டு முனைகள். நடுவே ஒரு சாண் இடைவெளி.

"மாமா, இது சேரவே இல்லையே. அப்புறம் எப்படி எரியுது?"

அப்போதுதான் எலெக்ட்ரீஷியன் கவனித்தான். பல்ப் கூடிக் குறைந்தது. மெதுவாகக் கூடியது. மெதுவாகக் குறைந்தது. தானும் அதற்கேற்ப மூச்சு விட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. போட்டது போட்டபடி ஓடிவிடத் தோன்றியது.

"டெஸ்டர்ல ஒண்ணும் காட்டல. தொடலாமா?"

வழக்கமாகச் சொல்வதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. தைரியமா பிடி."

மைத்துனன் இரண்டு முனைகளையும் பிடித்தான்.

டியூப் பளீரென்று எரிந்தது. பல்ப்பும்.

கூடத்தில் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். மைத்துனன் இல்லை. வெறுங்கால்கள் தரையில் இழுத்து இழுத்து நடந்தன. ஏணியைக் கடந்து போயின. வாசல் கதவு திறந்தது. மூடியது.

"மாப்ள?"

மைத்துனன் துடிக்கவில்லை. கண் திறந்தபடி நின்றான். அவன் நெஞ்சு ஏறியது, வெளிச்சம் ஏறியது. நெஞ்சு தாழ்ந்தது, வெளிச்சம் தாழ்ந்தது.

எலெக்ட்ரீஷியன் எட்டி பல்ப்பைத் திருகினான். இருட்டு. மூச்சுச் சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை.

"டேய்! ஐயோ, டேய்!"

திருப்பித் திருகினான். வெளிச்சம். நெஞ்சு ஏறியது.

மரக்கட்டையால் அவனைத் தட்டி விலக்கலாம். விலக்கினால்? இதே இருட்டுதானே.

ஹோல்டர் தளர்ந்துவிட்டது. கையை எடுத்தால் பல்ப் நிற்காது. உள்ளங்கைத் தோல் கண்ணாடியில் ஒட்டிப் பொசுங்கியது. பிடித்துக்கொண்டே நின்றான்.

பையில், ஃபியூஸை ஒட்டியிருந்த போன் அடித்தது. வீட்டிலிருந்துதான், மனைவிக்கென்று வைத்த ரிங்டோன். மைத்துனனின் கண்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பின.

விரலிடுக்கில் பல்ப்பின் கம்பி தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மெலிந்து, வெள்ளையாக நடுங்கிக்கொண்டிருந்தது.